லண்டனிலிருந்து பாரிஸுக்கு இரவுப் பேருந்தில் போகலாமா?

கேட்டிருப்பவர் லண்டனில் மாணவர் விசாவில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி. பாரிஸில் வேலை பார்க்கும் அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும். ரயில் கட்டணம் கையைக் கடிக்கிறது, இரவுப் பேருந்து அதில் கால்வாசிக்குக் கிடைக்கிறது. ஏறித் தூங்கினால் விடிந்ததும் பாரிஸ் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அடுத்த கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் அப்படியே கூட்டிப் போகலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

நீங்கள் தாராளமாகப் பேருந்தில் போகலாம், ஆனால் பகலில் போங்கள். இரவுப் பேருந்தை வேறு வழியில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை ரயிலில் கூட்டிப் போவதுதான் நல்லது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே சாலைவழி சுமார் 460 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மதுரை. அந்தத் தூரத்தைக் கேட்டதும் நம் ஆட்களுக்குக் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ ஏறிப் படுத்து மாட்டுத்தாவணியில் கண் விழித்த நினைவு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு இங்கே உதவாது. முதலாவது, இந்த வழித்தடத்தில் படுக்கை வசதி கிடையாது. எல்லாமே இருக்கைகள், அவையும் கொஞ்சம்தான் பின்னால் சாயும். இரண்டாவது, நடுவில் கடலும் எல்லையும் இருக்கின்றன. பேருந்து எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதைச் சாலையைவிட அதிகமாக முடிவு செய்வது அந்த எல்லைதான். கால அட்டவணையில் 8 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். அதில் பேருந்து உண்மையில் ஓடுவது ஆறு மணி நேரம் இருக்கலாம்.

இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்தரை மணிவாக்கில் விக்டோரியாவிலிருந்து கிளம்புகிறீர்கள். நியூ கிராஸ், லூயிஷம் பக்கம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று தென்கிழக்கு லண்டனைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதன் பிறகு கென்ட் மாவட்டத்து நெடுஞ்சாலை. விளக்கை அணைத்துவிடுவார்கள், கண் சொக்கும். நல்ல தூக்கம் பிடிக்கும் நேரத்தில் எல்லா விளக்குகளும் எரியும், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இறங்குங்கள் என்று அறிவிப்பு வரும். நள்ளிரவு தாண்டி, டோவர் துறைமுகத்தின் காற்றில் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராகச் சாவடியைத் தாண்டித் திரும்ப ஏறி உட்கார்ந்ததும், கப்பலில் ஏற வாகன வரிசையில் இன்னொரு காத்திருப்பு. கப்பலுக்குள் நுழைந்ததும் மறுபடி இறங்கச் சொல்வார்கள். பயணம் முடியும்வரை வாகனத் தளத்தில் யாரும் இருக்கக் கூடாது, கதவைப் பூட்டிவிடுவார்கள். மேல்தளத்து நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மீண்டும் படியிறங்கிப் பேருந்தைத் தேட வேண்டும். பிரான்ஸ் கரைத் துறைமுகமான கலேயில் இறங்கிச் சாலையைப் பிடித்துக் கண்ணயர்ந்தால், விடியற்காலையில் ஏதோ ஒரு சாலையோர ஓய்விடத்தில் வண்டி நிற்கும், விளக்கு எரியும். ஓட்டுநர் மேல் கோபப்படாதீர்கள். தொடர்ந்து நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்துகொண்டிருக்கும், அதை ஏமாற்ற முடியாது.

ஆக, தூக்கம் மூன்று துண்டாகப் போகும். காலை ஏழு எட்டு மணிக்குப் பாரிஸில் இறங்கும்போது அன்றைய பகல் பாதி வீண். விடுதிச் செலவு மிச்சம் என்பார்கள். உங்களுக்கோ அக்கா வீடு இருக்கிறது, மிச்சப்படுத்த விடுதியே இல்லை. பகல் பேருந்தில் அதே காத்திருப்புகள் இருந்தாலும் அவை வேடிக்கை பார்க்கும் நேரமாகக் கழிந்துவிடும்.

கடலைக் கடக்க இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன கப்பல். இன்னொன்று, ஃபோக்ஸ்டோனிலிருந்து 1994இல் திறந்த கால்வாய்ச் சுரங்கம். சுரங்கத்துக்குள் சாலை கிடையாது. பேருந்து அப்படியே வாகனங்களை ஏற்றிச் செல்லும் ஒரு ரயில் பெட்டிக்குள் ஏறி நின்றுவிடும், அந்த ரயில் 35 நிமிடத்தில் பிரான்ஸ் பக்கம் கொண்டுபோய் விடும். சுரங்கத்தின் மொத்த நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அதில் கடலுக்கடியில் மட்டும் 38. இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம், வேண்டுமானால் இறங்கிப் பெட்டிக்குள் நாலு எட்டு நடக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பெட்டியின் இரும்புச் சுவர் மட்டும்தான் தெரியும். கூடவே குழந்தைகள் வந்தால் மீன் தெரியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் பெரிதாக இருக்கும்.

எது வேகம் என்றால் சுரங்கம். எது சுகம் என்றால், பகல் என்றால் நான் கப்பலையே சொல்வேன். காலை நீட்டலாம், சுடச்சுட ஏதாவது சாப்பிடலாம், பின்தளத்தில் நின்றால் டோவரின் வெள்ளைப் பாறைகள் மெல்லப் பின்வாங்குவதைப் பார்க்கலாம். ரயிலில் போகும் ஒருவருக்கும் இது கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், எந்த வழி என்பது சீட்டில் பெரும்பாலும் எழுதியிருக்காது. கப்பலாக அமைந்தால் இறங்கும்போதே தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேருந்தின் பதிவெண்ணையும் சேர்த்து. கீழே ஒரே நிறத்தில் நாலைந்து பேருந்துகள் ஒட்டி ஒட்டி நிற்கும். பின்னால் நிற்கும் லாரிகள் ஹாரன் அடிக்கும்போது உங்கள் வண்டியைத் தேடுவது நல்ல அனுபவமாக இருக்காது.

இனி சாவடி விஷயம். இங்கிலாந்து மண்ணிலேயே பிரெஞ்சுப் போலீஸ் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்ப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுரங்கத்துக்காக 1991இல் சங்காத்தில் ஓர் உடன்பாடும், துறைமுகங்களுக்காக 2003இல் லு தூக்கேயில் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். அதன்படி போகும்போது டோவரிலோ ஃபோக்ஸ்டோனிலோ பிரான்ஸ் சோதிக்கும், வரும்போது கலே பக்கத்திலேயே பிரிட்டன் சோதித்துவிடும். கடலைத் தாண்டிய பிறகு சாதாரணமாக வேறு சோதனை கிடையாது.

இதிலிருந்து உங்களுக்கு முக்கியமான ஒன்று வருகிறது. சட்டப்படி நீங்கள் பிரான்ஸுக்குள் நுழையும் நேரம் டோவர் சாவடியின் நேரம்தான், பாரிஸில் இறங்கும் நேரம் கணக்கில் வராது. விசா 12ஆம் தேதி தொடங்குகிறது, 11ஆம் தேதி இரவுப் பேருந்து, விடிந்தால் 12 தானே என்று ஏறியவர் ஒருவரை என் கண்ணெதிரே சாவடியில் நிறுத்தினார்கள். மணி இரவு பதினொன்றுகூட ஆகவில்லை. அவருடைய பெட்டியைப் பேருந்தின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். அதேபோல் விசாவில் இத்தனை நாள் தங்கலாம் என்று போட்டிருக்குமல்லவா, அதில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகச் சேரும். இரவு 11:50க்கு நுழைந்தாலும் ஒரு நாள் போனது போனதுதான்.

விசா என்றதும் அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களில் யாராவது ஒருவர் இதில் தடுக்கி விழுகிறார். பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவை ஏற்றுக்கொண்டு, தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாமல் வைத்திருக்கும் கூட்டுதான் ஷெங்கன். பிரிட்டன் அதில் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. உங்கள் பிரிட்டிஷ் மாணவர் விசா பிரான்ஸில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தனியாக ஷெங்கன் விசா வாங்க வேண்டும். லண்டனில் வசிப்பவர் என்ற முறையில் அதற்கு இங்கேயே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பேருந்துச் சீட்டைவிட விசா விலை அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே வார இறுதிக்காக இவ்வளவு செலவு செய்வதைவிட, பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்கிவிட்டால் பிறகு அக்காவைப் பார்க்க நினைத்தபோது போகலாம்.

அக்கா வீட்டில் தங்கப் போவதால், அவர் தன் ஊர் மேரியில், அதாவது நகரசபையில், உங்களைத் தன் வீட்டில் தங்க வைப்பதாக ஒரு சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். அந்தச் சான்றின் அசல், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, திரும்பி வரும் சீட்டு, இவை மூன்றையும் கைப்பையில் வைத்திருங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்கும் நாளில் அவை பெட்டிக்குள் இருந்தால், பெட்டி பேருந்தின் அடியில் இருக்கும், பேருந்து நாற்பது அடி தள்ளி நிற்கும், உங்களுக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள்.

2025 அக்டோபர் 12இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையைத் தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் முகத்தையும் விரல்ரேகையையும் பதியும் முறை. விசா வாங்கிப் போகும் உங்களுக்கு இதில் அதிக வேலை இல்லை. விரல்ரேகையை விசா விண்ணப்பத்தின்போதே எடுத்திருப்பார்கள், எல்லையில் சரிபார்த்து முகத்தை மட்டும் படம் பிடிப்பார்கள். விசா இல்லாமல் போகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான் விரல்ரேகையும் அங்கேயே பதிய வேண்டும். எனவே இன்று சாவடியில் அதிக நேரம் எடுப்பவர் உங்கள் பக்கத்து இருக்கை வெள்ளைக்காரராக இருக்கலாம். யார் தாமதித்தாலும் பேருந்து மொத்தமும் நிற்கும், அதுதான் கார் பயணத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. காரில் நாலு பேர், இங்கே ஐம்பது பேர்.

கூட்ட நாட்களில் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2023 ஏப்ரல் தொடக்கம் சாட்சி. ஈஸ்டர் விடுமுறை தொடங்கிய அந்த வார இறுதியில் டோவரில் பேருந்துகள் 12 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. புதிய கணினி முறை வருவதற்கு முன்பே, வெறும் முத்திரைக் காலத்திலேயே அந்த நிலை. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் குவிந்ததும் மோசமான வானிலையும் சேர்ந்துகொண்டன. ஆகவே ஈஸ்டர், ஜூலை கடைசி வாரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்கள், இந்த மூன்றிலும் பேருந்தைத் தவிருங்கள். செவ்வாய், புதன் என்றால் நிம்மதி.

சீட்டு ஏன் இவ்வளவு மலிவு என்றும் ஒரு சந்தேகம் இருக்கும். முன்பெல்லாம் இந்த வழியில் யூரோலைன்ஸ்தான் பெரிய பெயர், 1985இல் தொடங்கிய கூட்டமைப்பு. ஜெர்மனி 2013 ஜனவரியில் தொலைதூரப் பேருந்துச் சேவையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. ரயிலுக்குப் போட்டி கூடாது என்று 1930களில் போட்ட தடை அதுவரை அங்கே இருந்தது. பிரான்ஸ் 2015இல் திறந்துவிட்டது. அந்த அலையில் வளர்ந்த மியூனிக் நிறுவனம் ஃபிளிக்ஸ்பஸ் 2019இல் யூரோலைன்ஸையே வாங்கிவிட்டது. இன்று லண்டன், பாரிஸ் தடத்தில் நீங்கள் பார்க்கும் பச்சைப் பேருந்து அதனுடையது. பிரெஞ்சு ரயில்வேயிடமிருந்து பேருந்து வணிகத்தை வாங்கிய பிளாப்லாகார் இன்னொரு பெயர். ஃபிளிக்ஸ்பஸ் 2024இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது, பெங்களூரு வழியில் அதே பச்சையைப் பார்த்திருப்பீர்கள். பேருந்துகளில் பெரும்பாலானவை உள்ளூர் முதலாளிகளுடையவை. பெயரும் செயலியும் விலை நிர்ணயமும் மட்டும் பெரிய நிறுவனத்தின் கையில். அதனால் ஒரே பெயரில் ஏறினாலும் ஒரு நாள் புத்தம்புது வண்டி வரும், இன்னொரு நாள் கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கும். விமானம்போல விலையும் ஏறி இறங்கும். மூன்று நான்கு வாரம் முன்பே கட்டினால் 25, 30 பவுண்டுக்குக் கிடைப்பது, கடைசி நேரத்தில் இரண்டு மூன்று மடங்காகிவிடும். அந்த விலைக்கு வந்துவிட்டால் ரயிலையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாமான் பொதுவாக அடியில் ஒரு பெட்டி, மேலே ஒரு கைப்பை. பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்பது பச்சைப் பேருந்தின் கணக்கு. மடிக்கணினி, பணம், நகை எதையும் அடியில் போடாதீர்கள். வழியில் இடைநிறுத்தம் இருந்தால் யார் எந்தப் பெட்டியை எடுக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. இருக்கை வார் கட்டாயம், பிரான்ஸில் கட்டாமல் பிடிபட்டால் பயணிக்கே 135 யூரோ அபராதம். இன்னொரு சின்ன விஷயம்: ஐரோப்பியப் பதிவு வண்டிகளுக்குக் கதவு வலது பக்கம். இங்கிலாந்தில் சாலையோரம் எங்காவது நிறுத்தினால் அது நடுச்சாலைப் பக்கம் திறக்கும். அரைத் தூக்கத்தில் இறங்குபவர்கள் கவனம்.

விக்டோரியா பேருந்து நிலையம் ரயில் நிலையத்தோடு ஒட்டியது இல்லை. பக்கிங்ஹாம் பேலஸ் சாலையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். 1932இல் கட்டிய வெள்ளைக் கட்டடம், மூலையில் கோபுரம்போல உயர்ந்திருக்கும். புறப்பாடு ஒரு கட்டடத்தில், வருகை எதிரே இன்னொரு கட்டடத்தில், மாறிப் போய் நிற்காதீர்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்தால் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரே வண்டி. டூட்டிங்கிலிருந்து என்றால் ஸ்டாக்வெல்லில் மாறிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பேருந்துக்கு ஏறும் முன்பே ஓட்டுநர் பாஸ்போர்ட்டும் விசாவும் பார்ப்பார், முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

பாரிஸ் பக்கம் பெரும்பாலான பேருந்துகள் பெர்சி நிலையத்தில் நிற்கும். சீட்டு கட்டும்போதே இதைப் பாருங்கள், சில வண்டிகள் சார்ல் து கோல் விமான நிலையத்திலும் நிறுத்துகின்றன. பெர்சியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு பூங்காவின் அடிவயிற்றில் காங்கிரீட் தூண்களும் மங்கிய விளக்குமாக வாகன நிறுத்துமிடம்போல இருக்கும். டீசல் புகை தங்கி நிற்கும், உட்காரப் போதிய இடம் இருக்காது, ஆட்கள் பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். பாரிஸின் முதல் தரிசனம் இதுதானா என்று மனம் சோரும். படியேறி மேலே வந்தால் மரங்களும் புல்வெளியும் சீன் நதியும் பக்கத்தில் இருக்கின்றன. நடந்தால் பெர்சி மெட்ரோ ஐந்தாறு நிமிடம்.

அங்கே 6ஆம் தடமும் 14ஆம் தடமும் ஓடுகின்றன. நம் ஆட்கள் லாசப்பல் என்று சொல்லும் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமானால் 6இல் நாசியோன் வரை போய் 2ஆம் தடத்துக்கு மாறுங்கள், லா ஷப்பேல் நிலையத்திலேயே இறக்கிவிடும். 14இல் ஷாத்லே போய் 4ஆம் தடத்தில் கார் து நோர் இறங்கினாலும் அதே இடம்தான். ஆனால் ஷாத்லேயின் நடைபாதைகளில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆகஸ்ட் கடைசி வாக்கில் போனால் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரும் அந்தத் தெருக்களில் வரும், அக்காவிடம் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகி நள்ளிரவுக்கு மேல் இறங்கினால், வார நாட்களில் மெட்ரோ ஒன்றேகால் மணியோடு நின்றுவிடும். பிரான்ஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதை மறந்தால், மாலைப் பேருந்துகளில் இதில் மாட்டிக்கொள்வீர்கள்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டா என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 181/2011 ஒழுங்குவிதி 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. புறப்பாடு ரத்தானாலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, பணத்தைத் திருப்பித் தருவது அல்லது வேறு வண்டியில் அனுப்புவது, இரண்டில் எது என்று உங்களைக் கேட்டாக வேண்டும். கேட்கவே இல்லை என்றால் சீட்டுப் பணத்தோடு அதன் பாதித்தொகையையும் சேர்த்துக் கோரலாம். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் புறப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதமானால் நிலையத்தில் தின்னவும் குடிக்கவும் ஏதாவது தர வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதில் ஓட்டை எங்கே என்றால், எல்லாமே புறப்பாட்டைப் பற்றியது. சரியான நேரத்துக்குக் கிளம்பி, டோவரில் ஐந்து மணி நேரம் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இந்த விதி உங்களுக்கு எதுவும் தராது. அதனால் பாரிஸில் இறங்கி அன்றே இன்னொரு விமானமோ ரயிலோ பிடிக்கும் திட்டத்தை இந்தப் பேருந்தின் தலையில் கட்டாதீர்கள்.

இவ்வளவு கேட்டுவிட்டு ஐரோப்பாவில் பேருந்தே வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரச் சவாரி, பேருந்து அடிக்கடி ஓடும். தாலினிலிருந்து ரீகாவுக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம், பால்டிக் நாடுகளில் ரயிலைவிடப் பேருந்துதான் ராஜா. அங்கெல்லாம் இரண்டு பக்கமும் ஷெங்கன். பாஸ்போர்ட்டுக்காக வண்டி மொத்தத்தையும் இறக்கி வரிசையில் நிறுத்தும் வழக்கம் இல்லை.

அப்பா அம்மா விஷயம். அவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஊரிலேயே விண்ணப்பித்துவிட்டு வர வேண்டும். சுற்றுலா விசாவில் லண்டன் வந்தபிறகு இங்கிருந்து விண்ணப்பிக்க முயன்றால் இங்கே வசிப்பவர் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பிரிட்டிஷ் விசா பலமுறை நுழையும் வகைதானா என்றும் பாருங்கள், திரும்பி வர வேண்டுமே. பயணத்துக்கு ரயில். செயின்ட் பாங்க்ராஸில் ஏறினால் இரண்டே கால், இரண்டரை மணி நேரத்தில் கார் து நோர். பிரெஞ்சுச் சோதனை ஏறும் முன்பே நிலையத்துக்குள் முடிந்துவிடும், நடுராத்திரியில் காற்றில் நிற்க வேண்டாம், கழிப்பறைக் கவலை இல்லை. இறங்கினால் லாசப்பல் நடக்கும் தூரம். முட்டிவலிக்காரருக்குக் கப்பல் படிக்கட்டு ஒன்றே போதும், பேருந்து வேண்டாம் என்று சொல்ல. தேதியை மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்து, வாரநாளாகப் பார்த்துக் கட்டினால் விலையும் தாங்கும்.

கடைசியாகச் சாப்பாடு. பிரான்ஸுக்குள் போகும்போது இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது, பிரெக்சிட்டுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. அக்காவுக்கு ஆசையாக வாங்கிய பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் காய், பழம், கீரைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக் கட்டுக்கு விலக்கு இல்லை. லாசப்பலிலேயே அது கிடைக்கும்போது ஏன் வம்பு. திரும்பும்போதும் கட்டுப்பாடு உண்டு. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. கோமாரி நோய்க்காகப் போட்டது. கடையில் வாங்கிய சாண்ட்விச்சுக்கும் அதே விதிதான். ஆகவே அக்கா ஆட்டுக்கறி பிரட்டலை டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் பெர்சியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். எலுமிச்சை ஊறுகாயைத் தைரியமாக எடுத்து வாருங்கள், மூடியை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள்.